சூளைக்குப் போன கல், கடலுக்குத் திரும்பிய கிளை

நங்கநல்லூரின் பழைய வீட்டுக் கூடங்களில், கண்ணாடி அலமாரிக்குள் ஒரு பொருளை இன்றும் பார்க்கலாம். தலையாட்டி பொம்மைக்கும் மரப்பாச்சிக்கும் நடுவே கிளை விரித்து நிற்கும் வெள்ளைக் கல். தாம்பரத்தில் ரயிலேறி ராமேசுவரம் போய், இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டுத் திரும்பும்போது, கடைத்தெருவில் சங்கோடும் சோழி மாலையோடும் வாங்கி வந்தது. அன்று அதை விற்கத் தடை இல்லை. செய்தித்தாளில் சுற்றி, துணிகளுக்கு நடுவே பதமாக வைத்து, ஒரு கிளையும் முறியாமல் வீடு கொண்டுவந்து சேர்த்திருப்பார்கள்.

கையில் எடுத்தால் சொரசொரக்கும். வெளிச்சத்தில் திருப்பினால் கிளை நெடுகக் குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியும் குண்டூசித் தலை அளவுதான். அதன் விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி மெல்லிய தடுப்புகள் நீண்டிருக்கும். அந்தக் குழி ஒவ்வொன்றிலும் ஓர் உயிர் குடியிருந்தது. நாம் அலமாரியில் வைத்திருப்பது அந்த உயிர்கள் சேர்ந்து கட்டிய எலும்புக்கூடு.

மன்னார் வளைகுடாவிலிருந்து இந்தக் கல் பல இடங்களுக்குப் போயிருக்கிறது. வீட்டு அலமாரிக்கு, அருங்காட்சியகத்துக்கு, வீட்டுச் சுவருக்கு, எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுண்ணாம்புச் சூளைக்கு. 2002-இல் அதற்கு இன்னொரு வழி திறந்தது. கடலில் ஓரிடத்தில் ஒடித்தெடுத்து, கடலிலேயே இன்னோரிடத்தில் நடுவது. சூளைக்குப் போய்க்கொண்டிருந்த பொருள் எப்படித் திரும்பக் கடலுக்கே போனது, அதற்கு யார் யார் கை கொடுத்தார்கள் என்பதைப் பின்தொடர்ந்து பார்த்தால், கடலைக் காப்பது பற்றி நாம் வழக்கமாகப் பேசும் பேச்சில் எது விடுபட்டுப்போகிறது என்பது தெரியும்.

கல்லாக வளரும் விலங்கு

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே கரையை ஒட்டி 21 தீவுகள். மனிதர் குடியிருப்பு இல்லாத சிறு மணல் திட்டுகள். அவற்றைச் சுற்றித்தான் பவளத்திட்டுகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஆழமில்லாத கடல். ஆள் மட்டத் தண்ணீரில் தொடங்கி ஐந்தாறு மீட்டருக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால்தான் அது மனிதன் கைக்கு அவ்வளவு எளிதாக எட்டியது.

மார்ச் மாதத்து இரவுகளில், கடல் சூடேறத் தொடங்கும் நேரத்தில், மான்கொம்புப் பவளங்கள் முட்டையும் விந்தும் சேர்ந்த சின்னஞ்சிறு உருண்டைகளைத் தண்ணீரில் விடுகின்றன. அவை மேலே மிதந்து, உடைந்து, கலந்து கருவாகின்றன. பிறக்கும் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவில் நீரோட்டத்தோடு அலைந்து, உறுதியான ஓர் இடம் கிடைத்தால் அடியில் ஒட்டிக்கொள்ளும். மணலில் அதனால் நிற்க முடியாது. புரளும் சல்லியிலும் முடியாது. அசையாத ஒரு பிடிமானம் வேண்டும். பவளத்தின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு தேவையைச் சுற்றியே நடக்கிறது.

ஒட்டிக்கொண்ட பிறகு அது கடல்நீரில் கரைந்திருக்கும் கால்சியத்தைப் பிரித்தெடுத்துத் தனக்குக் கீழே கல்லாகப் படியவைக்கிறது. தன்னைப் போலவே இன்னொன்றைப் பக்கத்தில் முளைக்கவைக்கிறது. அதன் சதைக்குள் நுண்பாசிகள் குடியேறுகின்றன. பாசி வெயிலில் சமைக்கும் உணவில் பெரும்பகுதி பவளத்துக்குப் போகிறது. பவளம் பாசிக்கு இடமும் உரமும் தருகிறது. பவளத்துக்குப் பழுப்பும் பச்சையுமாக நிறம் கொடுப்பதும் அந்தப் பாசிதான். மான்கொம்புப் பவளம் நல்ல நிலையில் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர்வரை கிளை நீட்டும். உருண்டையாக வளரும் மூளைப் பவளம் போன்றவை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் கூடுவதே பெரிது. ஆள் உயரத்துக்கு ஓர் உருண்டைப் பவளம் இருந்தால், அதன் வயது நம் பாட்டன் காலத்துக்கும் முந்தியது.

மன்னார் வளைகுடாவில் 117 வகைக் கல்பவளங்கள் பதிவாகின; பின்னால் வந்த ஆய்வுகள் அந்த எண்ணிக்கையை இன்னும் கூட்டின. உலகக் கடல்தரையில் பவளத்திட்டுகள் இருக்கும் பரப்பு நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் கடல்வாழ் உயிர்வகைகளில் கால்வாசி வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் அவற்றை நம்பியிருக்கின்றன. தூத்துக்குடிக் கரையில் ஏலத்துக்கு வரும் ஊளியும் விளைமீனும் சிங்கிறாலும் அந்தத் திட்டுகளின் வரவு.

சூளைக்குப் போன காலம்

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலில் அழிந்த தேவாலயத்தின் சுவர் இன்னும் நிற்கிறது. பூச்சு உதிர்ந்த இடத்தில் பார்த்தால் கற்களின் மேல் அடுக்கடுக்கான வளையங்களும், பக்கம் பக்கமாக ஒட்டிய பூ அச்சுகளும் தெரியும். அவ்வளவும் பவளக் கல். அந்தக் கரைக்குக் கருங்கல் தொலைவு. கடல் கல் பக்கம். தேவைக்கு எடுத்து வீடு கட்டிய காலத்தில் கடல் அதைத் தாங்கியது.

அறுபதுகளில் நிலைமை மாறியது. பவளக் கல் ஏறக்குறைய முழுக்கக் கால்சியம் கார்பனேட். சூளையில் சுட்டால் சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பைக் கரியோடு மின் உலையில் இட்டால் கால்சியம் கார்பைடு. தூத்துக்குடிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் சூளைகளுக்கும் கடல் ஒரு கல்குவாரி ஆனது. வள்ளங்களில் போய், வற்றுநீர் நேரத்தில் இறங்கி, கடப்பாரையால் பெயர்த்து, உயிருள்ளது செத்தது என்று பார்க்காமல் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மீன்பாடு இல்லாத மாதங்களில் கூலிக்கு உறுதி சொன்ன வேலை அது ஒன்றுதான். கல் எடுத்தவர் கையில் நின்றது அன்றாடச் சோறு. லாபம் கரையில் வேறு கைகளுக்குப் போனது.

எவ்வளவு போனது என்பதற்குக் கணக்கு உண்டு. 1947-இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் எழுபதுகளின் தொடக்கத்தில் எழுதிவைத்தார்கள். மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும் சேர்த்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 கன மீட்டர், அதாவது சுமார் 25,000 டன் பவளக் கல். விரல் நீளம் வளர ஓர் ஆண்டு பிடிக்கும் பொருள் இப்படி டன் கணக்கில் போனது.

இது தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்கர் தர்ஸ்டன், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் பவளங்களைச் சேகரித்தார். அந்தக் கடலின் உயிரினங்கள் பற்றி 1890-இல் நூலும் வந்தது. குருசடைத் தீவின் கரையோர உயிரினங்கள் குறித்த அருங்காட்சியக வெளியீடு 1927-இல் வந்தது. சென்னையில் இருந்தவர்களுக்குப் பவளம் என்ன, எங்கே, எத்தனை வகை என்பது தெரிந்தே இருந்தது. பெயரிட்டு, எண்ணிட்டு, கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். அதே பவளம் கடலில் கடப்பாரைக்குத் தப்பவில்லை. அறிவு நகரத்தில் இருந்தது. கை கடலில் இருந்தது. இரண்டும் சந்திக்கவே இல்லை.

விளைவைத் தீவுகள் அனுபவித்தன. பவளத்திட்டு கரைக்கு முன்னால் நிற்கும் அலைத்தடுப்பு. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், நல்ல நிலையில் இருக்கும் திட்டு அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைத் தணித்துவிடுகிறது என்கிறார்கள். திட்டைப் பெயர்த்த இடத்தில் அலை நேராக மணலில் மோதியது. தூத்துக்குடிக்கு அருகே விலங்குசல்லி, கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி என்று இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. வரைபடத்தில் 21 என்று எழுதுகிறோம். மேலே தெரிவது 19. சுமார் 110 சதுர கிலோமீட்டர் பவளப் பரப்பில் 32 சதுர கிலோமீட்டர் சீரழிந்துவிட்டது.

கடப்பாரையைக் கீழே வைத்தது யார்

1986-இல் தமிழ்நாடு அரசு 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைத் தேசியக் கடல் பூங்கா ஆக்கியது. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 2001-இல் எல்லாக் கல்பவளங்களும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு பவளத்துக்கும் வந்தது. அலமாரிக்கான விற்பனையும் அன்றோடு குற்றமானது.

ஆனால் பூங்கா என்று அறிவித்த பிறகும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கல் வந்துகொண்டுதான் இருந்தது. சட்டம் இறுகிய பிறகும் சில ஆண்டுகள் ஓயவில்லை. காவல் படகு கடலில் எத்தனை இடத்தில் நிற்க முடியும்?

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. இலங்கையின் மறைவு ஒரு பக்கம் காத்தது. தீவுகளும் திட்டுகளும் இருந்த இடத்தில் அலையின் வேகம் தணிந்ததைக் கடலோரத்தார் தம் கண்ணால் பார்த்தார்கள். பவளம் போனால் ஊர் போகும் என்று அதுவரை ஆய்வாளர்கள் கூட்டம் போட்டுச் சொன்னது அன்று நடந்து காட்டியது. 2005-இல் பவளக் கல் எடுப்பது நின்றது. சட்டமும் காவலும் பல ஆண்டு பிரசாரமும் சேர்ந்து தயார் செய்த மனத்தில், கடைசி முடிவை எடுத்தவர்கள் கடலுக்குப் போகிறவர்கள்தான்.

பவள மீட்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நட்ட கிளைகளிலிருந்து தொடங்குகிறார்கள். என் கணக்கில் அது கடப்பாரையைக் கீழே வைத்த நாளிலிருந்து தொடங்குகிறது. உடைப்பது ஓயாத இடத்தில் நடுவதால் ஒரு பயனும் இல்லை. உடைப்பது நின்ற இடத்தில் கடல் தானாகவே கொஞ்சம் எழுந்துகொள்கிறது. கல் எடுப்பது நின்ற அடுத்த சில ஆண்டுகளிலேயே வளைகுடாவில் உயிருள்ள பவளத்தின் பரப்பு கூடியதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள்.

ஒரு கிளையை நடுவது

தூத்துக்குடியில் 1998-இல் தொடங்கிய சுகந்தி தேவதாசன் கடல்வள ஆராய்ச்சி நிறுவனம், 2002-இல் பவளக் கிளைகளை நட்டுப் பார்க்கும் வேலையைக் கையில் எடுத்தது. அதன் இயக்குநர் ஜே.கே. பேட்டர்சன் எட்வர்டும் அவரது குழுவினரும் வனத்துறையோடு சேர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் இதை விடாமல் செய்து வருகிறார்கள். இந்தியாவில் இவ்வளவு காலம் தொடர்ந்து நடந்த பவள மீட்புப் பணி அரிது.

வேலை என்னவோ எளிமையானதுதான். முருங்கைக் கொப்பை ஒடித்து ஊன்றினால் துளிர்ப்பதுபோல், பவளக் கிளையையும் ஒடித்து உறுதியான இடத்தில் கட்டிவைத்தால் பிழைக்கும். ஆனால் ஒவ்வொரு படியிலும் அது செத்துப்போக வழி இருக்கிறது.

முதலில் தாய்ப் பவளம். நோயில்லாத, கோடை வெப்பத்தில் வெளுப்பதைத் தாங்கிப் பிழைத்த ஒன்றாகப் பார்த்து, அதிலிருந்து சில கிளைகளை மட்டும் எடுக்க வேண்டும். பேராசைப்பட்டால் தாய் போய்விடும். எடுத்த கிளையை வெயில் படாமல் கடல்நீர்த் தொட்டியில் வைத்து, நேரம் கடத்தாமல் நடும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நீர் சூடேறினால் படகிலேயே அதன் உயிர் போய்விடும். நடுவதற்குச் சிறு சிமென்ட் பலகை. கிளையை நிமிர்த்தி, அடிப்பாகம் பலகையில் முழுக்கப் படியும்படி வைத்து, நைலான் கயிற்றால் இறுக்குகிறார்கள். தளர்வாகக் கட்டினால் நீரோட்டத்தில் கிளை ஆடும். ஆடுகிற கிளை ஒட்டாது. அளவு மீறி இறுக்கினால் கயிறு சதையை அறுக்கும். கட்டிய பலகைகளை மூழ்காளர்கள் கீழே கொண்டுபோய், ஏற்கெனவே அடியில் இறக்கிவைத்த கான்கிரீட் சட்டங்களின் மேல் வரிசையாகப் பொருத்துகிறார்கள். சேற்றுக்கும் மணலுக்கும் மேலே, அலைக்கு அசையாத உயரத்தில்.

பிறகு காத்திருப்பு. சில வாரங்களில் கிளையின் அடியில் வெண்ணிற விளிம்பொன்று பலகையின் மேல் படரத் தொடங்கும். கயிற்றின் மேலேயே கல் படிந்து கயிறு மறையும். அதுவரை மூழ்காளர்கள் திரும்பத் திரும்பப் போய், பலகையில் படியும் பாசியை வழித்து, விழுந்ததை எடுத்துக் கட்ட வேண்டும். பார்வைக்குப் பெருமை தராத, படத்தில் நன்றாக விழாத இந்தப் பராமரிப்புதான் கிளையின் பிழைப்பைத் தீர்மானிக்கிறது.

இப்படி இருபது வகைகளைச் சேர்ந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகள், ஏறத்தாழ 40,000 சதுர மீட்டர் சீரழிந்த பரப்பில் நடப்பட்டிருக்கின்றன. இடத்தையும் வகையையும் பொறுத்து நூற்றுக்கு 55 முதல் 80 வரை பிழைத்தன. முக்கியமானது, வந்து சேர்ந்த மற்ற உயிர்கள். கான்கிரீட் சட்டத்தின் இடுக்குகளில் மீன் குஞ்சுகள் தங்கின. நடாத பவளங்களும் குஞ்சாக மிதந்து வந்து பக்கத்தில் ஒட்டின. நட்ட கிளைகள் வளர்ந்து முட்டை விடும் பருவத்தை அடைந்தன. அதற்குப் பிறகு இனத்தைப் பெருக்கும் வேலையைக் கடலே பார்த்துக்கொள்ளத் தொடங்கியது.

மீட்ட பரப்பு 40,000 சதுர மீட்டர். சீரழிந்தது 32 சதுர கிலோமீட்டர். அதாவது இருபதாண்டு உழைப்பு எட்டியது இழந்ததில் ஆயிரத்தில் ஒன்றைச் சற்றே தாண்டும். இந்த எண் உழைப்பைச் சிறுமைப்படுத்துவதற்கு அல்ல. உடைப்பது எவ்வளவு எளிது, கட்டுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி இல்லை.

வான் தீவுக்குப் போன கற்கள்

கிளை நடுவது மட்டும் போதாத இடங்களும் உண்டு. தூத்துக்குடிக்கு மிக அருகில் இருக்கும் வான் தீவு 1986-இல் சுமார் 16 ஹெக்டேர். 2014-இல் மிஞ்சியது 2 ஹெக்டேர் அளவுதான். முன்னால் இருந்த திட்டு போனதால் தீவைக் கடல் நாளுக்கு நாள் கரைத்துக்கொண்டிருந்தது.

சேதுவுக்குக் கல் சுமந்த கதையின் நாயகன் ஆஞ்சநேயரை 32 அடி உயரத்தில் நிறுத்தி வணங்கும் ஊர் நங்கநல்லூர். இங்கிருந்து சில கிலோமீட்டரில், கிண்டியைத் தாண்டினால் ஐ.ஐ.டி. அதன் கடல்சார் பொறியியல் துறைக்குத்தான் வான் தீவின் சிக்கல் வந்தது. அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது, மணல் எங்கே போகிறது, எத்தனை தொலைவில் எவ்வளவு உயரத்தில் தடுத்தால் மணல் தங்கும் என்பதைக் கணக்கிட்டு வடிவம் கொடுத்தார்கள். மேலே குறுகி அடியில் அகன்ற, பக்கமெல்லாம் துளையிட்ட, டன் கணக்கில் எடையுள்ள கான்கிரீட் அமைப்பு. முழுச் சுவராக நின்றால் அலை மோதித் திரும்பி அடிமணலைப் பறித்துவிடும். துளை வழியே நீர் புகுந்து வெளியேறும்போது வேகம் மட்டும் குறைகிறது. பின்னால் மணல் படிகிறது. துளை மீனுக்கு வீடு. சொரசொரப்பான மேற்பரப்பு பவளக் குஞ்சுக்குப் பிடிமானம்.

காலநிலை மாற்றத் தகவமைப்புக்கான தேசிய நிதியின் உதவியோடு, 2015 டிசம்பரில் தொடங்கிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இந்த அமைப்புகள் வான் தீவின் கடல் பக்கத்தில் இறங்கின. தேய்ந்துகொண்டிருந்த தீவு தேய்வதை நிறுத்தி மணல் சேர்க்கத் தொடங்கியது. மூழ்கியே போகும் என்று எழுதிவைத்த தீவு இன்றும் நிற்கிறது.

இப்போது அதே வழியில் காரைச்சல்லி. 1969-இல் 20.85 ஹெக்டேர் இருந்த தீவு 2018-இல் 5.97 ஹெக்டேர். உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழ்நாட்டுக் கடலோர மீட்புத் திட்டத்தின் கீழ், இங்கே எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளை இறக்கவும், பவளமும் கடற்புல்லும் நடவும் பணி தொடங்கியிருக்கிறது.

காவல் இருப்பவர்கள்

நட்ட கிளைக்கு அருகில் ஆண்டு முழுக்க இருக்கப்போவது ஆய்வாளர் அல்லர். அவர் மாதத்தில் சில நாள் வருவார். நாள்தோறும் அந்தத் தண்ணீருக்கு மேலே போய் வருபவர் மீனவர். அவர் நங்கூரத்தை எங்கே போடுகிறார், வலையை எங்கே விரிக்கிறார் என்பதில் கிளையின் ஆயுள் இருக்கிறது.

பாம்பன் தீவின் சின்னப்பாலத்துப் பெண்கள் தலைமுறைகளாகக் கடல்பாசி எடுப்பவர்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, கையில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பாசி பறிக்கும் வேலை. தேசியப் பூங்கா வந்தபோது அவர்களுக்கும் வனத்துறைக்கும் நீண்ட காலம் இழுபறி. கடைசியில் அந்தப் பெண்களே கூடி மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி என்ற உலக அமைப்பின் விருது கிடைத்தது. பிழைப்புக்கும் பாதுகாப்புக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்பதை அந்தத் தண்ணீரில் மூழ்குகிறவர்களால் சரியாகப் போட முடிந்தது.

பவளத்துக்கு ஆபத்து புதிது புதிதாக வரும்போது முதலில் பார்ப்பவர்களும் அவர்களே. வளர்ப்புக்காகக் கொண்டுவந்த வெளிநாட்டுக் கடல்பாசியான கப்பாபைகஸ் குருசடைத் தீவின் பவளங்களின் மேல் படர்ந்து மூச்சை அடைத்தது 2008-இல் வெளிவந்தது. கையால் பிய்த்துப் பிய்த்து அகற்றுவதைத் தவிர அதற்கு வேறு மருந்து இல்லை. 2019 செப்டம்பரில் மண்டபத்துப் பக்கம் கடல் பச்சையாகி இரவில் ஒளிர்ந்தது. ஒளிரும் நுண்ணுயிர் அளவு மீறிப் பெருகி மடிந்ததில் நீரில் உயிர்வளி குறைந்து மீன்கள் கரை ஒதுங்கின. சிங்கிள் தீவருகே பவளங்களும் செத்தன.

உள்ளூர்க் கைகளின் பங்கைக் கடல் தாண்டியும் பார்க்கலாம். இந்தோனேசியாவின் சுலவெசித் தீவுக் கரையில், வெடி வைத்து மீன் பிடித்ததால் சல்லியாகிப்போன கடல்தரையில், மணல் பூசிய இரும்புச் சட்டங்களைப் பின்னிப் பவளக் கிளைகளைக் கட்டினார்கள். நான்கே ஆண்டுகளில் அந்தத் திட்டுகள் கல் சேர்க்கும் வேகம் நலமான திட்டுகளுக்கு ஈடானது. அங்கும் தீவுக்காரர்கள் கைதான் சட்டத்தைச் சுமந்து இறக்கியது. தூத்துக்குடி சொல்வதையே சுலவெசியும் சொல்கிறது.

இப்போது உடைப்பது வெப்பம்

ஏப்ரல் முதல் ஜூன்வரை மன்னார் வளைகுடா சூடேறுகிறது. நீர் 30 பாகையைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால், பவளத்துக்குள் இருக்கும் பாசி நஞ்சாகத் தொடங்குகிறது. பவளம் அதை வெளியே தள்ளிவிடுகிறது. பாசி போனால் நிறம் போகும், உணவும் போகும். உயிரோடு இருக்கும்போதே எலும்பு வெள்ளையாகத் தெரியும். வெப்பம் சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பிவரும். தணியாவிட்டால் பட்டினியில் சாகும்.

2016 கோடையில் வளைகுடாவின் பவளம் பெருமளவில் இப்படிச் செத்தது. 38.9 சதவீதமாக இருந்த உயிர்ப் பவளப் பரப்பு 22.7 ஆனது. கல் எடுப்பது நின்றபின் சிறுகச் சிறுகச் சேர்த்ததை ஒரே கோடை கொண்டுபோனது. நட்ட கிளைகளும் அதில் தப்பவில்லை. 2024 ஏப்ரலில் உலகின் நான்காவது பெரும் பவள வெளுப்பு அறிவிப்பு வந்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பல்லாண்டாக, பெரும் செலவில் வளர்த்து நட்ட மான்கொம்புப் பவளங்களில் பெரும்பகுதியை 2023-இன் வெப்பம் கொன்றது. பணமும் தொழில்நுட்பமும் நிறைந்த நாட்டுக்கும் நடுவதை மட்டும் நம்பிப் பிழைக்க முடியவில்லை.

இந்த வெப்பத்தில் யார் பங்கு எவ்வளவு? தூத்துக்குடித் தீவுகளுக்கு எதிர்க்கரையிலேயே அனல்மின் நிலையம் இருக்கிறது. நிலக்கரி எரித்து 1,050 மெகாவாட் எடுப்பதற்காகக் கட்டியது. அதன் மின்சாரம் மாநிலத் தொகுப்பில் சேர்ந்து நங்கநல்லூரின் மே மாதத்து ஏசிகளுக்கும் வருகிறது. பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் 18 நாள் வருமானத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். கல் எடுத்தவர்கள் ஒரு தொழிலையே விட்டுவிட்டார்கள். அவர்களிடம் கேட்ட அளவு தியாகத்தை இந்த நகரத்திடம் இதுவரை எவரும் கேட்டதில்லை. கடலோரத்துக்கு மட்டும் கட்டுப்பாடு, நகரத்துக்கு விழிப்புணர்வு என்று பிரித்துக்கொண்டது நியாயம் இல்லை.

கூட்டுமுயற்சி என்று எல்லாத் திட்ட அறிக்கையும் சொல்கிறது. அதற்கு நான் மூன்று உரைகல் வைப்பேன். முதலாவது, எத்தனை கிளை நட்டீர்கள் என்று கேட்பதை விட்டு, ஐந்து கோடை தாண்டி எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால்தான் பராமரிப்புக்கும் அளவெடுப்புக்கும் பணம் நிற்கும். இரண்டாவது, அந்தக் கணக்கை எடுக்கும் மூழ்காளர்களில் எத்தனை பேர் அந்தந்த ஊர்க்காரர்கள், அவர்களுக்கு அது ஆண்டு முழுக்கச் சம்பளம் உள்ள வேலையா என்று பார்க்க வேண்டும். சங்கு குளித்தவர் பேரனைவிட அந்தக் கடல்தரையை அறிந்தவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. காரைச்சல்லியில் இதைச் செய்துகாட்ட இப்போதே வாய்ப்பு இருக்கிறது. மூன்றாவது, மாநிலம் நிலக்கரியிலிருந்து வெளியேறுவதற்கு ஆண்டு குறித்து நாள் குறித்து ஒரு திட்டம் வேண்டும். அது இல்லாமல் வளைகுடாவில் நடும் ஒவ்வொரு கிளையும் அடுத்த கோடைக்குப் பணயம்.

அருங்காட்சியகத்துக்குப் போன பவளம் நமக்கு அறிவு தந்தது. சூளைக்குப் போனது சுண்ணாம்பு தந்தது. அலமாரிக்கு வந்தது அழகு தந்தது. மூன்றிலும் பெற்றுக்கொண்டவர்கள் நாம். கடலுக்குத் திரும்பிப் போகும் கிளைதான் முதல்முறையாக நாம் கொடுக்க வேண்டியது. ஊர்க்காரர்கள் தங்கள் பங்கை முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள். மிச்சக் கடன் நம் பெயரில் இருக்கிறது. அதைக் கட்டும் இடம் தூத்துக்குடி அல்ல, சென்னை.